ஏழாம் எண் தண்ணீர்

பிள்ளைகளே, பள்ளிப் புத்தகத்துக்குக் காசு கொடுக்கிறோம், அது உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுத் தண்ணீரைப் பற்றி எழுதியதைப் படிக்கவும் காசு வேண்டும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

சாயப்பட்டறைக் கழிவு நிலத்தடி நீரில் கலக்கிறதா என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி மாணவி நம் தெருவுக்கு வந்தாள் அல்லவா? வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணற்றுப் போர்த் தண்ணீர் பிடித்து, பாட்டிலில் எண் ஒட்டினாள். நமக்கு ஏழு. பட்டறை வைத்திருக்கும் எதிர் வீட்டுக்காரர் சிரித்தார்.

"பட்டுக்கே ஒத்துக்கினு போற தண்ணி, உன் வவுத்துக்கு ஒத்துக்காதா?"

நல்ல தண்ணீரில்தான் சாயம் திட்டில்லாமல் ஏறும் என்பது இங்கே எல்லாருடைய கணக்கு. எனக்கும் அதே கணக்குதான்.

மழைக்காலம் கழிந்து அவள் ஃபோன் செய்தாள். "கட்டுரை வந்துடுச்சுண்ணா. எங்க யுனிவர்சிட்டி லைப்ரரில போய்ப் பாருங்க."

"நம்ம ஏழாம் நம்பர் எப்படிம்மா இருக்குது?"

"ஃபோன்ல நான் சொல்லக் கூடாதுண்ணா. நீங்களே பாருங்க."

பிறகு எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை.

தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறினேன். நூலகர் பொறுமையாகக் கணினியில் தேடினார். கட்டுரைத் தலைப்பில் நம் ஊர் ஆரணி என்று இருந்தது. கீழே இருந்த சில வரிகளை அவரே தமிழில் சொன்னார்: சில போர்களில் உலோகம் அளவுக்கு மேல் இருக்கிறது, குழந்தைகள் குடிக்கக் கூடாது. எந்தெந்தப் போர் என்ற அட்டவணை உள்ளே இருந்தது. திறக்கப் போனால் டாலரில் பணம் கேட்டது. அதற்கான கார்டு அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

"இந்தப் பத்திரிகைய முன்னாடி வாங்கிகினு இருந்தோம்ங்க. வருசா வருசம் ஏத்திகினே போறாங்க. ஒண்ணு வேணும்னாலும் எல்லாத்தையும் சேத்துக் கட்டாதான் வாங்கணும். முடியல, நிறுத்திட்டோம்."

"தண்ணி எங்களுதுதானே சார்?"

"எழுதினதும் இங்க படிக்கிற பொண்ணுதாங்க. அதுவே வந்து கேட்டாலும் இந்தப் பூட்டுதான். வேற லைப்ரரிக்கு எழுதிக் கேக்கறேன். நாளாகும்."

"அதுவரைக்கும்?"

அவர் வேறொரு நூலகத்துக்கு எழுதத் தொடங்கினார்.

நான் திரும்பியபோது நம் தெருவில் எல்லா மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. எதிர் வீட்டுக் குழாயில் பட்டறைக்காரரின் பேரன் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா, படிச்சிட்டு வந்துட்டியா?" என்றார் அவர்.

பேரனைக் குடிக்க விடாதீங்க என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பையன் குழாயை விடவில்லை.

நீங்கள் டியூஷனில் இருந்தீர்கள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் நம் போர்த் தண்ணீர் நிரம்பி இருந்த குடிநீர்க் குடத்தைத் தூக்கிப் போய்க் கழிவறையில் கவிழ்த்தேன்.