ஏலக்கா ஸ்டோரில் சுவர் துடைத்த நாட்கள்

1. சாக்கும் தேங்காய் நாரும்

சிலமலையில் ஜீப்பு ஏறும்போது ஏலக்காய் பொறுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். மேலே போய் இறங்கினால், ஏலக்காயைக் காயவைக்கிற ஸ்டோர் ஒன்று மூடிக் கிடந்தது, அந்தப் பழைய கட்டடத்தைச் சுற்றிக் கேமராக்கள். பார்கூர் போட்டியாம். கயிறு கட்டாமல் சுவர் ஏறி, கூரையில் ஓடி, அடுத்த சுவருக்குத் தாவணும். வெரசா முடித்தவருக்குப் பரிசு. டிவியில் போடுவார்களாம்.

ஒவ்வொரு ஆளும் ஓடுவதற்கு முன்னால் கால் வைக்கிற இடத்தைத் துடைப்பது என் சோலி. தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்து, சாக்கால் ஈரத்தை ஒற்றி எடுக்கணும். மலையில் மஞ்சு, அதுதான் பனிமூட்டம், இறங்கினால் துடைத்த கல் மறுபடி நனைந்துவிடும். திரும்பவும் ஏறித் துடைப்பேன்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். அத்தனை பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. சோற்றை வாங்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். வீட்டிலும் நான் ஒருத்திதான் என்பதால் அது கஷ்டமாகத் தெரியவில்லை.

2. ரேவதி

மதுரையிலிருந்து வந்த ரேவதி மட்டும் ஓடுவதற்கு முன்னால் என்னிடம் வருவாள். கல் எப்படி இருக்கிறது, எங்கே கால் வைக்கலாம் என்று கேட்பாள். மூலையை மிதிக்காதே என்பேன்.

"டைரக்டர் சொன்னா ஓடுவேன். நீங்க சொன்னாத்தான் ஆத்தா தாவுவேன்" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புக்காகவே காலையில் முதல் ஆளாக ஜீப்பில் ஏறினேன்.

கடைசி நாள் பைனல். காஞ்சிருக்கா ஆத்தா என்று கேட்டாள். காஞ்சிருக்கு தாயி என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். கேமராவில் ஏதோ கோளாறு என்று கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் மஞ்சு வந்து போனது. விசில் ஊதினார்கள். அவள் கூரையில் ஓடத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன், அவள் தாவ வேண்டிய சுவரின் மேல் கல் கறுத்திருந்தது. நனைந்த கல்.

புறப்பட்டவர்களைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவரைக்கூட நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஜெயிக்கப் போகிற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அவள் கால் வழுக்கிக் கீழே விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றும்போது என்னைப் பார்த்தாள்.

"காஞ்சிருக்குன்னு சொன்னீங்களே ஆத்தா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

மஞ்சு இறங்கினதுக்கு நீ என்ன செய்வே என்று சூப்பர்வைசர் சொன்னார். நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

3. டிவியில்

அந்தத் தாவலை மூன்று தடவை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். கீழே ஓரத்தில் சாக்கோடு நான் நிற்கிறேன். அவள் கால் கல்லைத் தொடுவதற்கு முன்னாலேயே என் வாய் திறக்கிறது, மூடுகிறது. டிவியில வந்துட்டியே என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். யாருக்கும் என் வாய் தெரியவில்லை. ரேவதி பார்த்திருப்பாள்.

இப்போது திரும்பவும் ஏலத்தோட்டத்துக்குப் போகிறேன். சுவர் துடைக்கிற சோலிக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. துடைத்துவிட்டால் சோலி முடியாது. நனைந்ததைப் பார்த்தால் கத்தணும், ஓடுகிறவர் பாதியில் நின்றாலும் சரி.

நனைந்த சரிவில் மூட்டையோடு இறங்குகிற பெண்களை நான் பின்னாலிருந்துதான் கூப்பிடுகிறேன். "போறப்ப கூப்பிடாத கெழவி" என்று திட்டுகிறார்கள். திட்டுவதற்காகவாவது நிற்கிறார்கள்.