முதல் தாள்

நகராட்சி ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சலவைப் பிரிவில் வேலை. பத்து வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளையும் உறைகளையும் பிரித்து, ரத்தக் கறை பட்டதைத் தொட்டியிலும் மற்றதை மிஷினிலும் போட்டு, காய்ந்து வந்ததை நாலாக மடித்து அடுக்க வேண்டும். இந்த வேலையை வைத்து அவளை அங்கே யாருக்கும் தெரியாது. 'தந்தி அக்கா எங்கே?' என்று கேட்டால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார். இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் என்று வார்டு ஆயாக்கள் வைத்த பெயர் அது. சம்பளச் சீட்டில் ஏறாத பெயர்.

ஊரின் தெற்கு ஓரத்தில் நானூறு குடும்பங்கள் வேறொரு மொழி பேசின. வீட்டில் அந்த மொழிதான், வேலையிலும் அதுதான், சண்டை என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆபீஸ்களில் செல்லுபடியாகும் மொழி அவர்களில் பாதிப் பேருக்கு அரைகுறை. மீதிப் பேருக்கு அந்த அரைகுறையும் கிடையாது. எட்டாவது வரை படித்திருந்ததால் அவளுக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரிக்கு வந்தான். இந்த ஊசி எனக்கு ஆகாது, போன தடவை உடம்பெல்லாம் வீங்கிப்போச்சு என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறான். பக்கத்துக் கட்டில்காரர் கேட்டிருக்கிறார். ஆனால் சொன்னது அவன் மொழியில். ஊசிக்குப் பயப்படுகிறான் என்று நினைத்து நர்ஸ் அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, சிரித்துக்கொண்டே போட்டுவிட்டாள். பாவம், அவள்மேல் குற்றம் சொல்லி என்ன செய்வது? சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் தங்கை இரண்டு மாடி கீழே தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் படி இறங்கி வந்து கூப்பிட்டிருந்தால் போதும்.

அதற்குப் பிறகு யாரும் கூப்பிடக் காத்திராமல் அவளே ஓட ஆரம்பித்தாள். அவர்கள் பகுதியிலிருந்து யார் வந்தாலும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவாள். சூப்பர்வைசர் வாய் ஓயாமல் திட்டுவார். தலைமை நர்ஸ்தான் நடுவில் புகுந்தார். "ஒரு மொழிபெயர்ப்பாளர் போஸ்ட் கேட்டு மனு குடுங்க. அது வர்ற வரைக்கும் நீ வந்து போ, நான் பாத்துக்கறேன்" என்றார்.

மனு என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது செயலாளர்தான். தாய்மொழிச் சங்கத்தின் செயலாளர். அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அண்ணனைத் தூக்கியபோது முன்பக்கம் தோள் கொடுத்தவர். "இனிமே நான்தாம்மா உனக்கு அண்ணன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர். அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. நகராட்சி அவர்கள் மொழிக்கென்று வருஷத்தில் ஒரு நாளை அதிகாரபூர்வமாக அறிவிக்க வேண்டும், அன்றைக்கு நகராட்சிக் கட்டடத்தில் அவர்கள் எழுத்தில் பேனர் தொங்க வேண்டும். பத்து வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே மனுவாகப் போடலாம் என்று முடிவானது. முதல் கோரிக்கை, ஆஸ்பத்திரியில் எந்நேரமும் ஒரு மொழிபெயர்ப்பாளர். இரண்டாவது, மொழி நாள். அவளுக்குச் சந்தோஷம்தான். நாளும் வரட்டுமே, யார் வேண்டாம் என்றார்கள்?

கையெழுத்து வாங்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. அந்தப் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காகிதமானாலும் ஒருவர் வாய்விட்டுப் படித்து, அவர்கள் மொழியில் சொன்னால்தான் கைநாட்டு வைப்பார்கள். அதனால் முதல் தாளை ஒவ்வொரு வீட்டிலும் நின்று படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை படித்துத் தொண்டை கட்டிப்போனது. தையல்காரர் ஒருத்தர்தான் வம்புக்கு இழுத்தார்.

"உனக்கு உக்காந்து பாக்கற வேலை வாங்க எங்க கட்டைவிரல்ல மையா?"

"எனக்கு வேண்டாண்ணே. யாரோ ஒருத்தர் இருந்தா போதும்."

"காகிதத்துல என்ன எழுதியிருக்கோ, யாருக்குத் தெரியும்? நீ படிச்சே, வைக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே கட்டைவிரலை அழுத்தினார். அவர் மனைவியும் வைத்தாள்.

தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர் வைத்தார்கள். முதல் கையெழுத்து அவளுடையது. தாள்களைச் செயலாளரிடம் கொண்டுபோனபோது ஸ்டேப்ளரையும் கையோடு எடுத்துப் போயிருந்தாள். அவர் தடுத்தார்.

"பின் அடிக்காதம்மா. கிளிப் போதும். ஏதாச்சும் திருத்தச் சொன்னா மேல் தாளை மட்டும் மாத்தி அடிச்சுக்கலாம்."

அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கிளிப்பே போட்டாள்.

ஆறு மாதம் கழித்து மொழி நாள் வந்தது. நகராட்சி மண்டபத்தில் பேனர், மைக், நாற்காலிகள். தெற்குப் பகுதியே திரண்டு போயிருந்தது. அவளையும் மேடையில் உட்காரவைத்தார்கள். நகராட்சித் தலைவர் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார். அவர் பேசியது ஆபீஸ் மொழியில், அதனால் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புரியவில்லை. அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

"எல்லாரும் எங்ககிட்ட வேலை கேப்பாங்க, கட்டடம் கேப்பாங்க. இந்த மக்கள் கேட்டது ஒரே ஒரு நாள். தொள்ளாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு, எங்களுக்கு வேற எதுவும் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவே மாட்டேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். கீழே தையல்காரரும் தட்டினார். தலைவர் மேஜைமேல் வைத்த மனுவை அவள் எட்டிப் பார்த்தாள். முதல் தாள் அவள் படித்துக் காட்டிய தாள் இல்லை. புதிதாக அடித்தது, நாலே வரி. அதற்குக் கீழே இருந்த தாள்கள் அவளுடையவை. முதல் வரிசையில் அவளுடைய கையெழுத்து. கிளிப்கூட அவள் போட்ட அதே கிளிப்.

அத்தோடு விட்டார்களா? செயலாளர் எழுந்து அவர்கள் மொழியில் பேசினார். நன்றாகப் பேசுவார், அதில் குறை சொல்ல முடியாது. "என் உயிர் நண்பன் ஒருத்தன் இருந்தான்" என்று ஆரம்பித்தார். "சாகற நேரத்துலகூட அவன் வாயில இருந்தது நம்ம மொழிதான். கடைசி மூச்சுவரைக்கும் வேற பேச்சு பேசல. அப்படி ஒரு மொழிப்பற்று." கூட்டத்தில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எந்த மொழியில் பேசியதால் அவன் செத்தானோ, அதையே பெருமையாக்கி மாலை போட்டுவிட்டார்கள். வேறு பேச்சு தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டானா? பிழைத்துக் கிடந்து இந்தக் கூட்டத்தில் கீழே உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருக்க மாட்டானா?

கூட்டம் முடிந்ததும் மண்டபத்துப் படியில் அவரைப் பிடித்தாள்.

"முதல் தாளை யாருண்ணே மாத்துனது?"

அவர் பூசி மெழுகவில்லை. அதுதான் அவளை இன்னும் கொன்றது.

"நான்தாம்மா. ரெண்டும் கேட்டா ரெண்டும் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க. போஸ்ட்டுன்னா வருஷா வருஷம் செலவு. நாள்னா ஒரு பேனரோட போச்சு. முதல்ல மதிப்பு வரட்டும், அப்புறம் மத்ததைக் கேப்போம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ஒத்துக்க மாட்டே."

"அப்போ தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே."

யாரோ போட்டோவுக்குக் கூப்பிட, அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அவள் பெயருக்கும் ஒரு சால்வை இருந்தது. அதை நாற்காலியிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

நகராட்சியிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வர இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அந்த மக்களே கேட்கவில்லை, ஆகவே அப்படியொரு பதவிக்கு அவசியம் எழவில்லை என்று எழுதியிருந்தது. தலைமை நர்ஸ் தர்மசங்கடத்தோடு கையை விரித்தார். "போஸ்ட் வர்ற வரைக்கும்னுதானே உன்னை விட்டேன். இப்போ எதைச் சொல்லி நான் விடறது?"

அடுத்த நாள் காலையில் தையல்காரர் மூச்சிரைக்கச் சலவைப் பிரிவு வாசலில் வந்து நின்றார். மனைவிக்கு நெஞ்சு வலி, மூன்றாவது மாடியில் படுக்கவைத்திருக்கிறார்கள்.

"நம்ம மொழிக்கு ஒரு ஆள் உக்காந்திருப்பாங்கன்னு சொன்னியே, அது எந்த ரூம்? தேடித் தேடிப் பாத்துட்டேன்."

அவள் ஈரக் கையோடு அவருக்கு முன்னால் மாடி ஏறினாள். சூப்பர்வைசர் பின்னாலிருந்து கத்தியது காதில் விழுந்தது. வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் இழுக்கிறது, வீட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், எந்த மருந்து ஆகாது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் டாக்டரிடம் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் இரண்டு தடவை பதில் கேட்டு வாங்கினாள். பயப்பட ஒன்றும் இல்லை, இரண்டு நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர்.

வராந்தாவில் தையல்காரர் கேட்டார். "அப்போ அந்த ஆளு எப்போ வருவாங்க?"

இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நடந்ததை அப்படியே சொன்னாள். தாள் மாறியதையும், மாற்றியது யார் என்பதையும், நகராட்சித் தலைவர் என்ன பேசினார் என்பதையும், தையல்காரரே எதற்குக் கைதட்டினார் என்பதையும்.

தையல்காரர் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"அவன் மாத்துனான்னு நீ சொல்றே. மாத்தியிருப்பான், இல்லேங்கல. ஆனா அவன் எங்க வீட்டுப் படி ஏறலம்மா. நின்னு படிச்சுக் காட்டினது நீ."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவர் மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மனைவி இருந்த வார்டுக்குள் போய்விட்டார். இன்னும் தொள்ளாயிரம் பேர் இதையே சொல்லப்போகிறார்கள், ஒவ்வொருத்தர் வீட்டுப் படியிலும் நின்று அவள் கேட்டாக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

கீழே வந்தபோது சூப்பர்வைசர் இரண்டு தாள்களோடு காத்திருந்தார். மேலே ஆஸ்பத்திரி உத்தரவு: சலவைப் பணியாளர்கள் வேலை நேரத்தில் வார்டுகளுக்குப் போகக் கூடாது. கீழே கையெழுத்துப் போடும் தாள்: படித்துப் புரிந்துகொண்டேன். இரண்டையும் ஒரு கிளிப் பிடித்திருந்தது.

"போடு. நேரமாகுது" என்று பேனாவை நீட்டினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கவில்லை.

"மொதல்ல ரெண்டையும் சேத்துப் பின் அடிங்க சார். அப்புறம் போடறேன்."