மூன்றாவது கண் காட்டிய திசை

என் தங்கை கார்குழலிக்கு ஒரு நல்லது நடக்கும் என்று நான் கடைசியாக நம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தேங்காய்த்திட்டு மீன்துறையிலிருந்து வஞ்சிரம் வாங்கி வந்து குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவள் போன் அலறியது.

அந்த அலறலுக்கு மூலக்குளத்தில் எங்கள் தெருவே எழுந்துவிடும். வானத்தில் எங்கோ காமா கதிர் வெடித்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய நட்சத்திரம் சாகும்போது சில நொடி அப்படி வெடிக்குமாம். அந்தக் கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால் அதைப் பிடிக்க மேலே ஒரு செயற்கைக்கோள் சுற்றுகிறது. அது அனுப்பும் கணக்கைப் பார்த்து, வெடிப்பு எந்தத் திசையில் என்று உலகத்துத் தொலைநோக்கிகளுக்குச் சொல்லும் குழுவில் இவளுக்கு ஒப்பந்த வேலை. முறை வரும் நாட்களில் எங்கள் கூடம்தான் ஆபீஸ். நானோ எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் மருந்துக் கம்பெனியில் பழுதான மாத்திரை அட்டைகளைப் பார்த்துக் கழித்துப் போடுகிறவள். அந்தச் செயற்கைக்கோள் டப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவள் சோறு தின்னும்போது சொன்னதுதான்.

டப்பாவுக்கு நான்கு பக்கமும் நான்கு கண். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் வெயில் எந்தப் பக்கம் என்று நம் கன்னம் சொல்லிவிடுமில்லையா, அதே கதை. வெடிப்பைப் பார்த்திருக்கும் கண்ணில் கதிர் அதிகம் விழும், திரும்பியிருக்கும் கண்ணில் குறைவாக விழும். அந்த ஏற்றத்தாழ்வை வைத்துத் திசையைக் கணக்குப் போடுவார்கள்.

மூன்றாவது கண்ணுக்குச் சீக்கு. ஒன்றுமே இல்லாதபோதும் கத்தும். அணைத்துவிடலாம் என்றார்கள் எல்லோரும். இவள் ஒருத்திதான், பொய்க் கத்தல் வேறு மாதிரி, நிஜக் கத்தல் வேறு மாதிரி, பிரித்துவிடலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் மல்லுக்கட்டினாள். "உன் நோயாளி எப்பிடிடீ இருக்கு?" என்று தினமும் கிண்டல் செய்வேன். கடைசியில் குழுத்தலைவர் ஹரிகிருஷ்ணன் இறங்கி வந்தார். அடுத்த பெரிய வெடிப்பைச் சரியாகக் காட்டிவிட்டால் மூன்றாவது கண்ணும் தப்பும், டப்பாவை இன்னும் சில வருஷம் ஓட்டவும் அனுமதி கேட்கலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். இவள் வேலையும் அதோடு சரி.

"வந்துடுச்சுக்கா! பெருசு!" என்று கத்தினாள். கரண்டியோடு போய் நின்றேன்.

"மூணாவது கண்ணுலதான்க்கா ரொம்ப அதிகமா காட்டுது."

"நல்லதுதான? நெசமா, பொய்யா?"

"நெசம் மாதிரிதான் தெரியுது." நகத்தைக் கடித்தாள். "ஆனா இத நம்பித் தப்பாப் போச்சுன்னா, தன் புள்ளன்னு தலையில தூக்கி வச்சிக்கினு ஆடுறான்னு சொல்லிடுவாங்க."

மூன்றாவது கண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். மிச்ச மூன்றை வைத்து வந்த திசையை அனுப்பினாள்.

எங்கள் அம்மா செல்வாம்பாளும் இப்படித்தான். தெருவில் யாராவது புகார் சொல்லி வந்தால் விசாரிக்கவே மாட்டாள். தன் பிள்ளைக்குப் பரிந்து பேசினாள் என்ற பேச்சு வரக்கூடாதே! வந்தவர் கண்முன்னே எங்களை முதலில் சாத்திவிடுவாள். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை ஒடிந்ததற்குக் கார்குழலி வாங்கிய அடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கிளையை ஒடித்தது காற்று.

இரவாக இருந்த நாடுகளிலெல்லாம் இவள் சொன்ன திசையில் தொலைநோக்கிகள் திரும்பின. அங்கே ஒன்றுமில்லை. குழம்பு ஆறிப்போயிற்று, அவள் எழுந்திருக்கவில்லை. பொழுது சாய்ந்த பிறகு வேறு செயற்கைக்கோள்களின் கணக்கைச் சேர்த்துச் சரியான இடம் வந்தது. மூன்றாவது கண்ணைச் சேர்த்திருந்தால் வந்திருக்கும் அதே இடம். அதற்குள் அந்த வெளிச்சம் மங்கி அடங்கிவிட்டது.

ஹரிகிருஷ்ணன் திட்டவில்லை. "பரவால்லம்மா, யாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். திட்டியிருக்கலாம் அந்த மனுஷன். அடுத்த கூட்டத்தில் மூன்றாவது கண்ணை அணைக்க முடிவானது, டப்பாவுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. அணைத்த அன்று முறை இவளுடையது. திரையில் நான்கு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்று நின்றது. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"விடுடி. இன்னொண்ணு வெடிக்காமயா போவும்?" என்றேன்.

"வெடிக்கும்க்கா. தெனமும் எங்கனா ஒண்ணு வெடிக்குது." திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆனா அந்த நட்சத்திரம் போனது போனதுதான். அது சாவும்போது எந்தப் பக்கம்னு அப்பவே சரியாச் சொன்னது இது ஒண்ணுதான். அத நான்தான் வாய மூடுன்னு அடிச்சிட்டேன்."

கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முருங்கைக் கிளைக்காக அம்மா அறைந்த அதே கன்னம்.