ஒயர்லெஸ்ஸில் நடத்திய மீட்டிங்

1. டோல்கேட்டில் முதல் நாள்

காசிமேட்டில் விசைப்படகு டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடியை நிறுத்த, குடிநோயாளிகள் கூடிப் பேசும் மீட்டிங்கைத் தேடிய காலத்தில் எங்கள் ஏரியாவிலேயே ஒன்று நடந்தது. அங்கே போனால் ஐஸ் உடைக்கிறவனிலிருந்து மீன் ஏலம் விடுகிறவர் வரைக்கும் விஷயம் பரவிவிடும் என்று, அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தபோது வராத வெட்கம், குடியை விடப் போகும்போது வந்தது.

பஸ் பிடித்து டோல்கேட் ஸ்டாப்பில் இறங்கி, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க அறையை விசாரித்துக் கண்டுபிடித்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் அந்தோணி. துறைமுகத்தில் எங்கள் படகுக்குப் பக்கத்தில் கட்டுகிற படகின் டிரைவர், என் தோஸ்து.

"இன்னா மாமு, நீ இங்க?" என்றான்.

"நீ இன்னாடா பண்ற இங்க?"

"காசிமேட்ல எவனாச்சும் பாத்துடுவான்னு இம்மாந்தூரம் ஓடியாந்தேன்."

வந்த காரியத்தை மறந்து இருவரும் சிரித்தோம். பிறகு என் முறை வந்தது. எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடந்ததால் ஒரு மீட்டிங்கையும் விடவில்லை. என் மனைவிக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. டோல்கேட்டில் யாரைப் பார்க்கப் போகிறாய் என்று சண்டை போட்டு உண்மையைக் கறந்துவிட்டாள். அந்தோணி விவரமானவன். மாதாவுக்கு வேண்டுதல், தடைக்காலம் முடிகிற வரைக்கும் குடியைத் தொட மாட்டேன் என்று தன் மனைவி மேரியிடம் சொல்லிவைத்திருந்தான். நல்ல ஐடியா என்று நானும் மெச்சினேன்.

2. கடலில்

தடை முடிந்து படகுகள் கிளம்பின. நடுக்கடலில் மீட்டிங்குக்கு எங்கே போவது? வலையை இறக்கிவிட்டு மெதுவாக இழுத்துக்கொண்டு போகும் நேரத்தில் டிரைவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிரப் பெரிய வேலை கிடையாது. அந்தச் சாயங்கால நேரத்தில் அவன் படகிலிருந்து அவனும் என் படகிலிருந்து நானும் ஒயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

டோல்கேட்டில் செய்வதைப் போலவே செய்தோம். முதலில் பெயர், அப்புறம் 'நான் ஒரு குடிநோயாளி', அப்புறம் அன்றைக்கு மனதில் ஓடியது எல்லாம். ஒயர்லெஸ் பொது லைன். அக்கம்பக்கத்தில் இருந்த அத்தனை படகும் கேட்டது. முதல் நாள் எவனோ நடுவில் புகுந்து, "இன்னா நைனா, கடல்ல பஜனையா?" என்றான். நாலைந்து நாளில் கிண்டல் அடங்கிவிட்டது. ஒரு நாள் நாங்கள் தாமதமாக ஆரம்பித்தபோது, "இன்னாண்ணே, இன்னிக்கு மீட்டிங் இல்லியா?" என்று யாரோ கேட்டார்கள். ஊருக்குப் பயந்து டோல்கேட் வரை ஓடிய நாங்கள், கடைசியில் ஊரையே கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தோணி படகுக்கு நல்ல மீன்பாடு. எங்களுக்கு முன்னாலேயே கரைக்குக் கிளம்பியது.

"மாமு, கரைய நெனச்சா பேஜாரா கீது. சரக்கு எறக்கினதும் ஓனர் எல்லாருக்கும் வாங்கிக் குடுப்பாரு" என்றான்.

"மீன எறக்கினதும் நேரா வூட்டுக்குப் போ. வழியில எங்கயும் நிக்காத. எவன் கூப்ட்டாலும் திரும்பாத."

"சரி மாமு. நேரா வூடுதான்."

3. கரையில்

சொன்னபடியே செய்திருக்கிறான். ஓனர் கூப்பிட்டும் நிற்காமல் நேராக வீட்டுக்குப் போயிருக்கிறான்.

வீட்டில் மேரி வாங்கி வைத்திருந்தாள். தடைக்காலம் முடிந்தது, வேண்டுதலும் முடிந்தது என்று அவள் கணக்கு. வெளியே போய்க் குடித்து ரோட்டில் விழுந்து கிடப்பதைவிட வீட்டிலேயே குடித்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். வஞ்சிரம் வறுத்து, பாட்டிலைப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

நாங்கள் கரைக்கு வந்ததும் அவனைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் போதையோடு உட்கார்ந்திருந்தான்.

"வேணான்னு சொல்லத் தெரியாதாடா?" என்று கத்தினேன்.

"ஆசையா வாங்கி வச்சிருந்தா மாமு. வேணான்னா ஏன்னு கேப்பா. இன்னான்னு சொல்றது? வாய் வர்ல."

அதற்குப் பிறகு அவன் டோல்கேட்டுக்கு வரவில்லை. திரும்ப வரலாம், விழுந்தவர்கள்தான் அங்கே பாதிப்பேர் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். என்னைக் கண்டாலே சந்துக்குள் நுழைந்துவிடுவான். அடுத்த தடைக்காலம் வருவதற்குள் ஈரல் கெட்டுச் செத்துப்போனான்.

துக்கத்துக்கு வந்த படகுக்காரன் ஒருவன் மேரியிடம், "ஒயர்லெஸ்ல எப்பிடிப் பேசுவாரு தெரியுமாக்கா அண்ணன்!" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அழுதுகொண்டிருந்த மேரி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கடல்ல கீற அத்தினி போட்டுக்கும் தெரிஞ்சிகீது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பாட்டில வாங்கியாந்திருப்பனா அண்ணே?"



நான் இப்போதும் அதே டோல்கேட் மீட்டிங்குக்குப் போகிறேன். முதல் முறை வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் கேட்பார்கள். தெரிய வேண்டாம், இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்று நானும் உறுதி சொல்வேன். கூடவே, வீட்டில் இருக்கிறவர்களிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்பேன். சொல்ல வாய் வரவில்லை என்றால், நான் கூட வருகிறேன் என்பேன். அப்படிச் சில வீடுகளுக்குப் போயும் இருக்கிறேன். மேரியின் வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் போகவில்லை.