காயாத வேர்வை

சிம்மக்கல்லில் முகம்மது கனி என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கூலர் பாய் என்றால் வாழைக்காய் மண்டிக்காரர்கூடக் கை நீட்டி வழி காட்டுவார். தகரப் பெட்டி, மூன்று பக்கமும் புல் திண்டு, அடியில் தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்பு, ஒரு விசிறி. பம்பு தண்ணீரை ஏற்றிப் புல்லை நனைக்கும். விசிறி அதன் வழியே காற்றை இழுக்கும். அதைச் செய்து விற்றுத்தான் கனி மகள் ஆஷிகாவைச் சென்னையில் கட்டிக்கொடுத்தார். கோச்சடையில் ஒரு மாடி வீடும் கட்டினார்.

வாங்க வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் பாடம் ஒன்றுதான். "கைய நனைச்சு ஊதிப் பாருங்க. சில்லுன்னு இருக்கா? தண்ணி காயுறப்ப சூட்டைத் தூக்கிட்டுப் போகுது. உடம்புல வேர்வை செய்யுறதும் அதே வேலைதான். அம்புட்டுதான் சயின்ஸு." பணத்தை எண்ணி வாங்கிய பிறகும் விடமாட்டார். "ஜன்னலைத் திறந்தே வைங்க. ஈரம் வெளிய போகலைன்னா அது கூலர் இல்ல, இட்லிச்சட்டி."

அவர் மனைவி சுலைகாவுக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் கோக்காமல் இருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தார். இவரைச் சூட்டில் விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆஷிகா போனில் ஒவ்வொரு கோடைக்கும் அழுவாள். "அத்தா, அம்மாவுக்கு ஒரு ஏசி போடுங்க. காசு நான் தாரேன்."

"காசா பெருசு? கூலர்க்காரன் வீட்டுச் சுவத்துல ஏசி தொங்குனா எவன் நம்ம கடைக்கு வருவான்?"

பக்கத்தில் இருந்த சுலைகா சிரிப்பார். "விடுடி. உங்க அத்தா கூலரைவிட அவரு வாய்தான் நல்லாக் காத்தடிக்குது."

சில வருடங்களாக வியாபாரம் ஏறியிருந்தது. முன்பு பகலுக்கு மட்டும் கூலர் போட்டவர்கள் விடிய விடிய ஓட்டினார்கள். மோட்டார்கள் சீக்கிரம் எரிந்துபோய் ரிப்பேருக்கு வந்தன. இரவு ஏன் குளிரவில்லை என்று கனி யோசிக்கவில்லை. பம்பு மாற்ற வந்து காத்திருந்த தமிழ்வாணி டீச்சர்தான் ஒரு நாள் அதை எடுத்துச் சொன்னார். அவர் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர்.

"பகல்ல வாங்குன சூட்டைப் பூமி வானத்துக்குத் திருப்பி விடணும், பாய். நாம எரிக்கிற நிலக்கரி, பெட்ரோலு, டீசல் எல்லாத்துலருந்தும் கார்பன் டை ஆக்சைடு வந்து மேல சேந்துபோச்சு. அது அந்தச் சூட்டைப் போகவிடாமப் புடிச்சு வைக்குது. காத்து சூடாக ஆக இன்னும் நிறைய ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரமும் சூட்டைப் புடிக்கும். அதான் ராத்திரியும் வேகுது."

"அப்ப எனக்கு இன்னும் யாவாரம்னு சொல்லுங்க."

"காத்துல ஏற்கனவே ஈரம் இருந்தா உங்க தண்ணி எங்கிட்டுப் போயிக் காயும்?"

"டீச்சர், நம்ம ஊருல எந்தக் காலத்துல ஈரம் இருந்துச்சு? ஆத்துலயே கிடையாது!" கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டார்.

அந்த மே மாதம் ஒரு மாலையில் கோடை மழை கொட்டித் தீர்த்தது. ஊரே வெளியே நின்று நனைந்தது. ஆனால் மழை விட்ட பிறகு காற்று அசையவில்லை. இரவு முழுக்கப் புழுங்கியது. மறுநாள் காலையில் வெயில் ஏறியதும் ஈரத் தரையிலிருந்து ஆவி கிளம்பியது. நிறைந்து வழிந்த சாக்கடையின் நாற்றம் படுக்கையறை வரைக்கும் வந்தது.

"ஏங்க, கொமட்டுதுங்க. அந்த ஜன்னலைச் சாத்துங்களேன்" என்றார் சுலைகா.

கனி சாத்தினார். நாற்றம் நுழையாமல் கதவையும் இழுத்துவிட்டார். கட்டிலுக்கு நேராகக் கூலரை நகர்த்தி, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினார். சிம்மக்கல்லில் இரண்டு பெட்டிகளை வண்டி ஏற்ற வேண்டியிருந்தது.

"கூலர் முன்னாடியே படுத்துக்க, புள்ள. எந்திரிச்சு எங்கயும் போவாத. வெரசா வந்துருவேன்."

சுலைகா கணவர் சொல்லைத் தட்டவில்லை.

வண்டி வரத் தாமதமாகி, கனி திரும்பியபோது மதியம் சாய்ந்திருந்தது. கூலர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவர்களில் நீர் பூத்திருந்தது. சுலைகாவின் உடம்பு அனலாய்க் கொதித்தது. கணவரை அடையாளம் தெரியாமல், மகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றது. வேர்வை காயாததால் உடம்புச் சூடு இறங்க வழியில்லாமல் போயிற்று, பலவீனமான இதயம் அதைத் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னார்.

மையத்து அடக்கம் முடிந்த மறுவாரம் தமிழ்வாணி துக்கம் கேட்க வந்தார். கனி அவருக்கு நாற்காலி போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார்.

"டீச்சர், அன்னைக்குக் கடையில சொன்னீங்களே, அதை மறுபடி சொல்லுங்க. மொதல்லருந்து."

"இப்ப எதுக்கு, பாய்?"

"சொல்லுங்க."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பூமி விடும் சூடு, அதைப் பிடித்து வைக்கும் வாயு, சூடான காற்று சுமக்கும் ஈரம். கனி குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"இந்த ஒரு நாளைக் காட்டி இதனாலதான்னு சொல்லிற முடியாது, பாய். ஆனா இந்த மாதிரி நாளு கூடிக்கிட்டே போகும். இது ஊரு உலகமே செஞ்ச வினை. நீங்க ஒருத்தர் என்ன பண்ணியிருக்க முடியும்?"

"ஊருக் காத்துல ஈரத்தை ஏத்துனது யாரோ. அந்த ரூமுக்குள்ள ஏத்துனது நான்."

"அப்படிப் பேசாதீங்க, பாய்."

"கதவைத் திறந்ததும் முகத்துல ஆவி அடிச்சுச்சு. தலகாணியெல்லாம் வேர்வையில ஊறிக் கெடந்துச்சு. இத்தன வருசம் இதே தொழிலு பாத்தவன், டீச்சர். பாத்ததுமே தெரிஞ்சிருக்கணும்ல? கூலர்தான் சரியா ஓடலையோன்னு நெனச்சேன். அவ முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி, தொட்டியில தண்ணி இருக்கான்னு பாத்தேன். கொறஞ்சிருந்துச்சு. இன்னொரு குடம் ஊத்துனேன்."