கத்திரி மாமாவின் முதல் புத்தகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் விழுந்து விழுந்து சிரித்துப் படிக்கிற கதைகளின் ஆசிரியர் கத்திரி மாமா, தன் கையால் ஒரு வரிகூட எழுதியதில்லை. முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர் திருடவும் இல்லை.

அவர் முடி திருத்துபவர். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, அவ்வளவுதான் கடை. கைப்பிடிகளின் மேல் குறுக்கே பலகை போட்டு உட்கார வைத்தாலே சின்னப் பிள்ளைகள் வீலென்று அலறுவார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் கதை சொல்லத் தொடங்கினார். அப்புறம் முடி வளர்வதற்கு முன்பே பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

"இதையெல்லாம் புத்தகமாப் போடுங்களேன்" என்று பெற்றோர்கள் ஏற்றிவிட, மாமாவுக்கும் ஆசை பற்றிக்கொண்டது. பேனாவோடு உட்கார்ந்தார். ஊஹும்! கையில் கத்திரி இல்லாவிட்டால் மனிதருக்குக் கதையே வராது.

அவர் மனைவி ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர். "நீங்க பாட்டுக்கு வெட்டிக்கிட்டே சொல்லுங்க. போன்ல பதிவு பண்ணிக் குடுங்க, நான் அடிச்சுத் தர்றேன்" என்றார்.

அடித்தார். அலுவலகத்தில் அவர் கற்ற பாடம் ஒன்றுதான்: சொன்னதில் ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அடித்த கையோடு பதிப்பகத்துக்கும் அனுப்பிவிட்டார். மாமா ஆற அமரப் படித்தது அதற்குப் பிறகுதான்.

"யானைக்குட்டி பாலத்துல கால் வெச்சுது. ஆடாதே! பாலம் கிறீச்னுச்சு. குனி, இன்னும் குனி. கயிறு அறுந்துச்சு! கண்ணை மூடிக்கோ, முடி விழும்."

மாமாவுக்குத் தலை சுற்றியது. "என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே! என்னைப் பைத்தியக்காரன்னு நெனைப்பாங்க."

"நீங்க சொன்னதைத்தானே அடிச்சேன்?"

அதோடு பேச்சு நின்றது. வீட்டில் மட்டுமல்ல, கடையிலும். மாமா உம்மென்று வெட்டினார். பிள்ளைகள் பழையபடி அலறினார்கள். ஒரே ஒரு புத்தகத்துக்கு ஆசைப்பட்டு அதுவும் போச்சே என்று அவருக்கு மனசே விட்டுப்போயிற்று. பாவம்தான். ஆனால் மனைவியிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாரே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒரு மாலை, மனைவி வீட்டுச் சாவி வாங்கக் கடைக்கு வந்திருந்தபோது, பதிப்பகத்துப் பதிப்பாசிரியை போன் செய்தார். மாமா முந்திக்கொண்டார். "மன்னிச்சிருங்க மேடம், தப்பு நடந்துபோச்சு..."

"தப்பா? எங்க வீட்டு வாலு ஒரு இடத்துல உட்கார மாட்டான். நேத்து இதைப் படிச்சுக் காட்டினேன். ஆடாதேன்னா ஆடலை, குனின்னா குனிஞ்சான். கண்ணை மூடிக்கிட்டு, 'ஐயோ, குட்டி விழுந்துருச்சா'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். அந்த வரியிலெல்லாம் கையே வைக்கக் கூடாது!"

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கதை சூடுபிடிக்கும்போதுதான் பிள்ளைகள் துள்ளுவார்கள். துள்ளினால் காதுக்கு ஆபத்து. அதனால் அவர் அதட்டல்கள் எல்லாம் சரியாக அந்தந்த இடத்தில் விழுந்திருந்தன.

"இப்படி எழுதணும்னு யாருக்குத் தோணுச்சு?" என்று கேட்டார் ஆசிரியை.

மாமா கண்ணாடியைப் பார்த்தார். மனைவி சாவியோடு வாசலிலேயே நின்றிருந்தார், காதில் எதுவும் விழாதவர்போல.

"என் வீட்டுக்காரிக்குத்தாங்க. நான்தான் புரியாம கத்திட்டேன். அட்டையில அவ பேரும் வரணும்."

போனை வைத்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"இதையும் ஒரு சொல் விடாம அடிச்சு வெச்சுக்கட்டுமா?"