டிம்ப்னா வீட்டுப் பெண்கள் கிறிஸ்துமஸ்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கடலோர ஊரான ஜெரால்டனில் டிம்ப்னாவைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது, அவருக்குப் பொய் பேச வராது என்பதுதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறார். போர்வையில் கறை போகவில்லை என்றால் மேலாளரிடமே எடுத்துப் போய், "என் தப்பு, ஊற வைக்காம போட்டுட்டேன்" என்று காட்டிவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நீண்டுவிட்டால் பாதிரியாரின் கையைக் குலுக்கும்போதே அதைச் சொல்லிவிடுவார். நான் அவர் வீட்டுப் பின்னறையில் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். புது உடை போட்ட நாளில் அவர் கண்ணில் படாமல் வெளியே போய்விடப் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பொய்யை இருபத்திரண்டு வருடம் காப்பாற்றி வந்தார்.

ஜனவரி ஆறு, அயர்லாந்துக்காரர்களான எங்களுக்குப் பெண்கள் கிறிஸ்துமஸ். பண்டிகை முழுக்க அடுப்படியில் நின்றவளுக்கு அன்று ஓய்வு. காலையில் ஏப்ரனைக் கழற்றி வீட்டு ஆணிடம் கொடுத்துவிட வேண்டும். பொழுது சாயும்வரை அடுப்பையும் குழாயையும் அவள் தொடக் கூடாது. அங்கே கார்க், கெர்ரி மாவட்டங்களில் ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே இதைச் செய்துவிடுவார்கள். ஜெரால்டனில் நாங்கள் ஐந்து அயர்லாந்துப் பெண்கள். கடற்கரைப் பைன் மரத்தடியில் கூடுவோம். வீட்டு ஆண் சமைத்த பண்டம் ஒன்றை ஒவ்வொருத்தியும் கொண்டு வர வேண்டும். எனக்கு வீட்டு ஆண் இல்லை என்பதால் தேநீர் என் பொறுப்பு.

டிம்ப்னா கல்யாணம் செய்துகொண்டது ராஸ் என்கிற உள்ளூர்க்காரரை. சிங்கி இறால் பிடிப்பவர். கல்யாணமான முதல் வருடம், அந்த மரத்தடியில் அசம்ப்டா எல்லோர் முன்னாலும் கேட்டாராம்: "ஏண்டி, வெளியாளக் கட்டிக்கிட்டியே, உன் ஆளுக்கு இந்த நாளோட பேராவது தெரியுமா?" அசம்ப்டா கெர்ரிக்காரி. நாக்கில் முள் இருந்தாலும் நெஞ்சில் இல்லாதவர். ஆனால் புதுப்பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? டிம்ப்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தான் விடியற்காலையில் மாவு ஓட்டுக்குள் பழம் வைத்துச் சுட்டு எடுத்து வந்த ஆப்பிள் டார்ட்டை நடுவில் வைத்து, "தெரியாமலா இதைச் சுட்டுக் குடுத்தான்?" என்று சொல்லிவிட்டார்.

டார்ட் வாயில் கரைந்தது. அதுதான் வினையாகிப் போனது. அடுத்த வருடமும் அதையே கேட்டார்கள். அதற்கடுத்த வருடம் கூடவே உருளைக்கிழங்கும் கேட்டார்கள். ஒவ்வொரு ஜனவரி ஆறும் ராஸ் படகுக்குப் போன கையோடு டிம்ப்னா எழுந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, ஜன்னலைத் திறந்து வாசனையையும் விரட்டிவிடுவார். ராஸுக்குத் தெரிந்ததெல்லாம், அன்று மனைவி தோழிகளோடு தேநீர் குடிக்கப் போகிறாள் என்பது மட்டும்தான்.

இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் படகுத்துறையில் வழுக்கி விழுந்து டிம்ப்னாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கை வரை மாவுக்கட்டு. பார்க்க வந்த அசம்ப்டா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பாசமாகவே சொன்னார்:

"இந்தக் கையோட நீ எதையும் தூக்கிட்டு அலைய வேணாம். ஆறாம் தேதி ஓட்டல் வராந்தாவுல டீயைக் குடிச்சிட்டு நேரா இங்க வந்துடறோம். ராஸ் சமைக்கிறதைச் சுடச்சுட சாப்பிடணும்னு எத்தனை வருஷ ஆசை தெரியுமா!"

அவர் போன பிறகு டிம்ப்னா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் சமைச்சுத் தரேனே," என்றேன்.

"நீயும் பொம்பளதானே? இத்தனை வருஷம் என் கையால ஏமாத்தினது போதாதுன்னு உன் கையையும் கூட்டுச் சேர்க்கணுமா?"

"அப்ப கடைல வாங்கிடலாம்."

"பேக்கரில நிக்கிறது அசம்ப்டாவோட நாத்தனார். நான் பணத்தை எடுக்கறதுக்குள்ள அவளுக்குப் போன் போயிடும்." நல்ல கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாப்பாடு போனாப் போகுது, பொண்ணே. அவங்க மூஞ்சில முழிக்க முடியாம போயிடும். இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கிறது உன்னையும் சேர்த்து நாலு பேரு."

கடைசியில் வேறு வழியில்லாமல் ராஸிடம் போனார். அவர் கொல்லையில் சிங்கிக் கூண்டுக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். போய்விடலாமா என்று நினைத்தேன். டிம்ப்னா என்னைப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன்.

"ராஸ், ஆறாம் தேதி நீ சமைக்கணும்."

"கை ஒடிஞ்சதுலேர்ந்து நான்தானே ரொட்டி சுட்டுத் தரேன்."

"ரொட்டி இல்ல. ஆறு பேருக்குச் சாப்பாடு. உருளைக்கிழங்கு, ஆப்பிள் டார்ட், இறைச்சி." பிறகு அந்த நாளைப் பற்றி, ஏப்ரனைப் பற்றி, கார்க்கில் தன் அப்பா வருடத்துக்கு ஒருமுறை பாத்திரம் கழுவியதைப் பற்றியெல்லாம் சொன்னார். பொய்யை மட்டும் சொல்லவில்லை. வாய் வரை வந்தது தெரிந்தது, விழுங்கிவிட்டார்.

ராஸ் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார். "இப்படி ஒரு நாள் இருக்குன்னு இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"நீ கேலி பண்ணுவன்னு நினைச்சேன்."

"பண்ணியிருப்பேன்தான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா செஞ்சும் இருப்பேன்."

டிம்ப்னா உள்ளே போய்விட்டார். குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

ஆறாம் தேதி வெயில் நாற்பத்தொரு டிகிரி. ராஸ் படகுக்குப் போகவில்லை. டிம்ப்னா இடது கையால் ஏப்ரனை எடுத்து நீட்டினார். ராஸ் வாங்கிக் கட்டிக்கொண்டார். முடிச்சு மட்டும் படகுக்காரர் முடிச்சு. மேசையில் மீன்பெட்டி மூடி ஒன்று இருந்தது. டிம்ப்னா சொல்லச் சொல்ல அளவுகளை அதில்தான் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

ஓட்டல் வராந்தாவில் டிம்ப்னாவின் தேநீர் ஆறிப்போனது. எங்கள் ஐவரில் ஒருவரான ஃபிடெல்மா தன் பேத்தியின் படங்களைக் காட்டினார். எல்லாப் படத்துக்கும் "அழகு" என்று ஒரே பதில் வந்தது. மூக்கு பெரிது என்றாவது சொல்லாத டிம்ப்னாவை ஃபிடெல்மா அதற்கு முன் பார்த்ததில்லை. "வலிக்குதாடி?" என்று கேட்டார்.

மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தோம். அடுப்படி முழுக்க மாவு. ராஸின் புருவத்திலும் மாவு. மேசை நடுவில் இறைச்சிக்குப் பதிலாகச் சிங்கி இறால் மலைபோல் குவிந்திருந்தது. அவருக்குப் பழகிய பண்டம், அதில் குறையில்லை. உருளைக்கிழங்கு வெளியே கூழ், உள்ளே கல். டார்ட்டின் ஓடு கத்திக்கு மசியவில்லை. ஆப்பிளைக் கொட்டை நீக்கி நறுக்க வேண்டும் என்று மூடியில் எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

முதல் வாயிலேயே அசம்ப்டா ஒரு கொட்டையை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"என்னப்பா ராஸ், போன வருஷம் நீ சுட்ட டார்ட் வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. இந்த வருஷம் படகுப் பலகைய அறுத்துப் போட்டுட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராஸின் கையிலிருந்த கத்தி நின்றது.

"போன வருஷமா?"

"போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம், எல்லா வருஷமும்தான். வயசாயிடுச்சா, கை மறந்து போச்சா?"

ராஸ் திரும்பி மனைவியைப் பார்த்தார். டிம்ப்னாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ராஸுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. கத்தியைக் கீழே வைத்தார். ஏப்ரனில் கையைத் துடைத்தார்.

"ஆமா. இந்தத் தடவை மாவு சரியில்ல," என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். அசம்ப்டா அடுத்த கொட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஃபிடெல்மா சிங்கியை உடைத்துக்கொண்டிருந்தார். பொய் பிழைத்துவிட்டது, இனி எத்தனை வருடமும் பிழைக்கும். ராஸ் மட்டும் கை மறந்துபோன சமையல்காரனாக, ஏப்ரனோடு சுவரோரம் நின்றார்.

டிம்ப்னா எழுந்தார்.

"மாவுல ஒண்ணும் குறையில்ல. நீங்க இத்தனை வருஷம் சாப்பிட்டது என் கை. விடியறதுக்குள்ள எந்திரிச்சு நானே சுட்டு, இவன் சுட்டான்னு சொல்லிக் குடுத்தேன். இவனுக்கு இப்படி ஒரு நாள் இருக்குன்னே போன வாரம்தான் தெரியும். இதுதான் இவன் சமைச்சது. முதல் தடவை. என்னைத் திட்டுங்க, என்ன வேணாலும் சொல்லுங்க. ஆனா அதையும் இதையும் ஒப்பிடாதீங்க."

வெளியே தெற்குக் காற்று தகரக் கூரையை ஆட்டியது. அசம்ப்டா முள்கரண்டியை வைத்தார்.

"இருபத்திரண்டு வருஷமா?"

"இருபத்திரண்டு வருஷம்."

"அடிப் பாவி! 'ராஸைப் பாரு, ராஸைப் பாரு'ன்னு சொல்லிச் சொல்லியே என் புருஷன் டோனலை டார்ட் சுட வச்சேனேடி! ரெண்டு வருஷம் கருக்கினான். மூணாவது வருஷம் அழுதான். இப்ப ஊர்லயே அவனை மாதிரி சுட ஆளில்ல!"

"ஓ," என்றார் ராஸ் மெதுவாக. "அதான் டோனல் என்னைத் துறைல பாத்தா முறைக்கிறானா!"

முதலில் சிரித்தது ஃபிடெல்மா. பிறகு அசம்ப்டா, மேசையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரும்வரை. டிம்ப்னா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அசம்ப்டா எழுந்து போய், மாவுக்கட்டு இடிக்காமல் அவரைக் கட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு நான் ஏதோ கேட்டுத் தொலைச்சேன். அதுக்கு இத்தனை வருஷமா தூக்கத்தைக் கெடுத்துக்கணுமா, கழுதை?"

பிறகு நடந்தது சாப்பாடு. உருளைக்கிழங்கைத் திரும்ப அடுப்பில் ஏற்றினார்கள். அதாவது ராஸ் ஏற்றினார், நாங்கள் நாற்காலியிலிருந்தபடி உத்தரவு போட்டோம். டார்ட்டைச் சுரண்டித் தின்றோம். டிம்ப்னா இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார். கொட்டைகளைத் தட்டோரத்தில் அடுக்கியபடியே, "புளிப்பு நல்லா இருக்கு, சக்கரை பத்தல, ஓடு கேவலம்" என்று கணவரிடம் சொன்னார். ராஸ் அதையும் மூடியில் எழுதிக்கொண்டார்.

"சனிக்கிழமை டோனலை அனுப்பறேன்," என்றார் அசம்ப்டா. "அவன் கத்துக் குடுப்பான். முதல்ல ரெண்டு வார்த்தை திட்டுவான், வாங்கிக்கோ."

ராஸ் தட்டுகளை அள்ளிக்கொண்டு போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒன்று விழுந்து உடைந்தது.

"ஒண்ணுமில்ல!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

டிம்ப்னா பாதி எழுந்துவிட்டார். ஃபிடெல்மா பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருடி. பொழுது இன்னும் சாயல."

டிம்ப்னா உட்கார்ந்தார். நல்ல கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.